நான் இரண்டு புள்ளி போட்ட கட்டுரை

கல்லூரிகளின் சேர்க்கைப் பிரிவுகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் நாலு பேர் போன மாதம் கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில், ஹ்விடோவ்ரேயில் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். கோப்பி குடித்து முடிக்கும்வரை ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டீர்கள். "அக்கா, ஒரு கட்டுரை உண்மையோ பொய்யோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? இப்ப பாதிப் பேர் கணினியைக் கொண்டெல்லோ எழுதுவிக்கினம்."

எனக்குத் தெரியாது என்றேன். நீங்கள் நம்பவில்லை. இருபத்திரண்டு வருடம் வாசித்த ஆளுக்குத் தெரியாமல் இருக்குமா என்று உங்களில் ஒருவர் சிரித்தார். நீங்கள் போன பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கோப்பைகளைக் கழுவினேன். கழுவியதையே திரும்பவும் கழுவினேன். ஒரு கட்டுரை உண்மையா பொய்யா என்று கண்டுபிடிக்க நான் ஒரே ஒரு முறை வெளிக்கிட்டிருக்கிறேன். அந்த வசந்த காலத்தை உங்களுக்குச் சொல்லாமல் அனுப்பிவிட்டேனே என்ற எண்ணம் மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. அதை இப்போது சொல்கிறேன்.

வெளி ஆட்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் வேலையைப் பற்றி நாலு வரி. டென்மார்க்கில் உயர்கல்விக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பள்ளிக்கூடத்தில் எடுத்த சராசரிப் புள்ளி. மற்றது கோட்டா இரண்டு. சராசரி போதாத பிள்ளைகள் தாங்கள் யார், இதுவரை என்ன செய்தார்கள், இந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்று ஒன்றரைப் பக்கத்தில் எழுதி அனுப்புவார்கள். எங்கள் கல்லூரியில் தாதியர், மருத்துவிச்சி போன்ற படிப்புகள் இருந்தன. மருத்துவிச்சிப் படிப்புக்குத்தான் ஆகப் பெரிய நெரிசல். மார்ச் நடுப்பகுதியில் ஒரு நண்பகலோடு விண்ணப்பம் மூடப்படும். அதன்பிறகு வாரக்கணக்கில் எங்களுக்கு வாசிப்பு. ஒவ்வொரு கட்டுரையையும் இரண்டு பேர் தனித்தனியாக வாசித்துப் பத்துக்குப் புள்ளி போடுவோம். இருவருக்கும் இடையில் வித்தியாசம் பெரிதாக இருந்தால் பிரிவுத் தலைவி மூன்றாவதாக வாசிப்பார்.

நான் அந்தக் கல்லூரிக்கு முதலில் துப்புரவு வேலைக்குத்தான் போனேன். மொழி படித்து, அலுவலகப் பயிற்சி எடுத்து, பத்து வருடம் கழித்து அதே கட்டடத்தில் ஒரு மேசை கிடைத்தது. அந்த மேசைக்கு நான் தகுதியில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பது என் மனதில் எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. இதையும் சேர்த்துத்தான் நீங்கள் இந்தக் கதையைக் கேட்க வேண்டும்.

நான் சொல்லும் வசந்தத்துக்கு முந்தின வருடம் ஒரு தமிழ்ப் பெடியனுடைய கட்டுரைக்கு ஒன்பது போட்டேன். மிக அழகான கட்டுரை. சில படிப்புகளுக்கு நேரிலும் கூப்பிட்டுக் கதைப்போம். அவனைக் கூப்பிட்டபோது தன் கட்டுரையில் என்ன இருந்தது என்றே அவனுக்குத் தெரியவில்லை. வேறு யாரோ எழுதிக் கொடுத்தது. அலுவலகத்தில் ஒருவரும் எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. எங்கள் பிள்ளை என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டாள் என்று நினைத்திருப்பார்கள் என நானே நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு தமிழ்ப் பெயரைக் கண்டால் என் கை இறுகத் தொடங்கியது.

இந்தப் பெண்ணை மீரா என்று வைத்துக்கொள்வோம். நாட்டின் மேற்கே உள்ள கோல்டிங் நகரத்திலிருந்து விண்ணப்பித்திருந்தாள். மருத்துவிச்சிப் படிப்புக்கு. முதல் வாசகர் யோனஸ், வேலைக்கு வந்து இரண்டு வருடமான டெனிஷ் இளைஞர். நான் இரண்டாவது வாசகர்.

கட்டுரை டெனிஷில் இருந்தது. அதன் சாரம் இதுதான். மீராவுக்கு அப்போது பதினொரு வயது. அம்மா நிறைமாதம். குழந்தையின் அசைவு குறைந்துவிட்டது என்று அம்மாவும் அவளும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். வைத்தியர் கருவியை அம்மாவின் வயிற்றில் வைத்து நெடுநேரம் திரையைப் பார்த்தார். பிறகு மீராவைப் பார்த்து, குழந்தையின் இதயம் துடிக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னார். மீராவுக்குச் சொல் வரவில்லை. "தம்பி நித்திரையாம் அம்மா" என்று சொன்னாள். அம்மா அவளைப் பார்த்துச் சிரித்தாள். "கால் மணி நேரம் என் அம்மா என்னுடைய பொய்க்குள் சந்தோஷமாக இருந்தாள், அதை இன்றுவரை நான் அவளிடம் சொன்னதில்லை" என்று எழுதியிருந்தாள். பிறகு ஒரு மருத்துவிச்சி வந்து, சிறுமியின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தி, "இது உன் வேலை இல்லை" என்றாராம். யாருடைய வேலை எது என்று தெரிந்த அந்த மனுசியைப் போல நானும் வரவேண்டும் என்று கட்டுரை முடிந்திருந்தது.

வாசித்து முடித்ததும் எழுந்தேன். தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து வாசித்தேன். மறுபடி எழுந்தேன். நெஞ்சு அடைத்தது உண்மை. ஆனால் நெஞ்சு அடைத்தபோதே இன்னொரு குரலும் உள்ளே கேட்டது. இவ்வளவு கச்சிதமாக ஒரு பிள்ளை எழுதுமா? டெனிஷ்காரரை அழவைக்க யாரோ இருந்து கட்டிய கதையாக இருந்தால்? ஆஸ்பத்திரியில் சின்னப் பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்க்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே?

யோனஸ் என் மேசைக்கு வந்தார். தான் ஒன்பது போட்டதாகவும், வாசிக்கும்போது கண் கலங்கிவிட்டதாகவும் மறைக்காமல் சொன்னார். பிறகு கேட்டார்:

"றெஜினா, நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் ஆட்களிடம் இப்படி நடக்குமா?"

அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனால் 'உங்கள் ஆட்கள்' என்ற சொல் என்னைக் குத்தியது. இந்த முறையும் ஏமாந்தால் என்னாகும் என்று நினைத்தேன். "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன்.

அது வெள்ளிக்கிழமை. பின்னேரம் புள்ளிகளைப் பதிய வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கட்டடத்துக்கு வெளியே சைக்கிள்கள் நிறுத்தும் இடத்துக்குப் போனேன். காற்று முகத்தில் அறைந்தது. இரண்டு முறை கைத்தொலைபேசியை எடுத்துத் திரும்ப வைத்தேன். மூன்றாவது முறை கோல்டிங்கில் இருக்கும் ஜெசிந்தாவுக்கு எடுத்தேன். என் சின்னம்மாவின் மகள். முதியோர் இல்லத்தில் வேலை. கோல்டிங் தேவாலயத்தில் நடக்கும் தமிழ்ப் பூசைக்கு வரும் குடும்பங்கள் எல்லாவற்றையும் அவளுக்குத் தெரியும்.

நான் பெயர் சொல்லவில்லை. பெயர் சொல்லாவிட்டால் பிழையில்லை என்று அந்த நேரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"ஜெசிந்தா, உங்கட பக்கம் ஒரு ஒன்பது பத்து வருசத்துக்கு முன்னம் ஆருக்கும் பிள்ளை வயித்துக்குள்ள தவறினதோ? மூத்தது ஒரு பெட்டை."

"ஓம், ஒரு குடும்பம் இருக்கு. பாவம், மாசம் நிறைஞ்ச பிள்ளை. நீ ஏன் இப்ப கேக்கிறாய்?"

"சும்மாதான். ஆஸ்பத்திரியில அந்தப் பெட்டையை வைச்சே மொழிபெயர்த்தவை?"

"சீச்சீ. தொலைபேசியில ஒரு மொழிபெயர்ப்பாளர் கதைச்சவர். அவரை எனக்குத் தெரியும், அவரே சொன்னவர். ஏன், அந்தப் பெட்டை எங்கயும் விண்ணப்பிச்சிருக்கோ?"

"இல்லை இல்லை. வேலை கிடக்கு, பிறகு எடுக்கிறன்."

உள்ளே வந்து இரண்டு போட்டேன். காரணம் எழுதும் இடத்தில், "முக்கிய சம்பவத்தின் நம்பகத்தன்மை சந்தேகத்துக்குரியது" என்று எழுதினேன். யோனஸைப் பார்த்து, "இது கட்டின கதை" என்றேன். அவர் முகம் வாடியது. எனக்கு ஒரு பத்து நிமிடம் பெரிய நிம்மதி. அதன்பிறகு நிம்மதி போன இடம் தெரியவில்லை. வீட்டுக்குப் போகும் எஸ்-ரயிலில் ஹ்விடோவ்ரே நிலையத்தில் இறங்க மறந்து இரண்டு நிலையம் தள்ளிப் போய்த் திரும்பி வந்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று ஞாபகம் வந்தது. ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. இளம் பெண் குரல். டெனிஷில் தன் பெயரைச் சொல்லி, நான் றெஜினாவா என்று கேட்டாள். ஓம் என்றதும் தமிழுக்கு மாறினாள். இங்கே பிறந்த பிள்ளையின் தமிழ். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தாள்.

"நேற்றுப் பூசை முடிய ஜெசிந்தா அன்ரி அம்மாட்ட வந்தவ. 'உங்கட மகள் படிக்க விண்ணப்பிச்சிருக்கிறா போல, செத்த பிள்ளையைப் பற்றி எழுதியிருக்கிறா போல, பயப்பிடாதேங்கோ, என்ர அக்கா றெஜினா அங்கதான் வேலை, அவ விசாரிச்சவ, எடுத்துக் குடுப்பா' எண்டு சொன்னவ. எல்லாற்ற முன்னாலயும்."

என் திரையில் அவளுடைய விண்ணப்பத்தைத் திறந்தேன்.

"அம்மா அதைப் பற்றி எங்களோட ஒரு நாளும் கதைச்சதில்லை. ஒரு நாளும். நேற்றில இருந்து அறைக்குள்ள இருக்கிறா. சாப்பிடேல்லை. நான் அதை உங்களுக்கு மட்டும்தான் எழுதினனான். ரெண்டு பேர் மட்டும்தான் வாசிப்பினம் எண்டு உங்கட பக்கத்தில போட்டிருக்கு."

அப்போது நான் சொன்ன சொல்லை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில், "தொலைபேசியில மொழிபெயர்ப்பாளர் இருந்தவராமே?" என்று கேட்டேன்.

பிறகு டெனிஷில், மிகத் தெளிவாகச் சொன்னாள். "அந்த ஆள் தொடர்பில் வருவதற்குக் கால் மணி நேரம் எடுத்தது. அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றித்தான் நான் எழுதினேன்."

ஒன்றரைப் பக்கம் முழுக்க அவள் எழுதியிருந்தது அதுதான். நான் இரண்டு முறை வாசித்திருந்தேன்.

"என்ர விண்ணப்பத்தை எடுத்துவிடுங்கோ. எனக்கு வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த மருத்துவிச்சிப் பட்டியல் இரண்டு மணிக்கு மூடப்பட இருந்தது. என் திரையில் அவளுடைய பெயர் திறந்திருந்தது. 'விண்ணப்பதாரர் விலகினார்' என்று ஓர் இடம் இருக்கிறது. அதை அழுத்தினால் எல்லாம் முடிந்துவிடும். அவளே கேட்டதுதானே. வருடாவருடம் பலர் விலகுகிறார்கள், ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. என் இரண்டு புள்ளியும் நான் எழுதிய காரணமும் சேர்ந்தே மறைந்துபோகும். நான் ஜெசிந்தாவைக் கேட்டது யோனஸுக்குத் தெரியாது. மூன்றாவதாக வாசிக்க வேண்டிய தலைவி இன்னும் அந்தக் கட்டுரைக்கு வரவில்லை, அவருக்கும் தெரியாது. கோல்டிங்கில் ஒரு அறைக்குள் ஒரு தாய் இருப்பதும் இங்கே ஒருவருக்கும் தெரியாது.

எழுந்தேன். நடைபாதையில் தலைவியின் கதவைத் தாண்டிப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி தாண்டிப் போனேன். வேலையை இழந்தால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். என் வயதில் இன்னொரு மேசை கிடைக்குமா? நகல் இயந்திரத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். என்னை நகர்த்தியது துணிவு என்று நினைக்க வேண்டாம். அந்த இடத்தை அழுத்தினால் இனி ஒரு கட்டுரையையும் என்னால் திறந்து பார்க்க முடியாது என்று தோன்றியது. நாலாவது முறை அந்தக் கதவுக்கு வந்தபோது தட்டினேன்.

எங்கள் தலைவி அதிகம் கதைக்காத மனுசி. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சைக்கிள் நிறுத்துமிடம், ஜெசிந்தா, இரண்டு புள்ளி, இன்று வந்த அழைப்பு. முடிந்ததும் சொன்னார்:

"வந்து சொன்னதற்கு நான் நன்றி சொல்லப் போவதில்லை. இருங்கள்."

இருந்தேன். அவர் யோனஸைக் கூப்பிட்டு, அன்றைய பட்டியலை மூடவேண்டாம், ஒரு நாள் தள்ளிப்போகும் என்று அறிவிக்கச் சொன்னார். என் புள்ளியைச் செல்லாதது என்று பதிந்தார். வேறு கட்டடத்தில் இருந்த ஒருவரை இரண்டாவது வாசகராகப் போட்டார்.

"அந்தப் பெண் விலகக் கேட்டாள்" என்றேன்.

"நாங்கள் செய்த தவறால் கேட்டாள். நடந்தது என்ன, அவளுக்கு என்னென்ன உரிமை இருக்கிறது, எங்கே முறையிடலாம் என்று முழுதாக எழுதுவோம். வாசித்த பிறகும் விலக விரும்பினால் விலகட்டும். அதுவரை அவளுடைய இடத்தை நீங்களோ நானோ தொடமாட்டோம்."

பிறகு என்னை நேராகப் பார்த்தார்.

"றெஜினா, அது நடந்ததா இல்லையா என்பதற்கு நாங்கள் புள்ளி போடுவதில்லை. அந்தப் பிள்ளை அதிலிருந்து என்ன விளங்கிக்கொண்டாள் என்பதற்குத்தான் போடுகிறோம். சந்தேகம் இருந்தால் அவளைக் கூப்பிட்டு அவளிடமே கேட்டிருக்கலாம். நீங்கள் அவளைத் தவிர மற்ற எல்லாரிடமும் கேட்டிருக்கிறீர்கள்."

அந்த வாரமே தொழிற்சங்கப் பிரதிநிதியும் கூட இருக்க ஒரு கூட்டம் நடந்தது. எழுத்து மூல எச்சரிக்கை தந்தார்கள். இரகசியம் காக்கும் கடமையை மீறினேன் என்று அதில் தெளிவாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அந்தப் பருவம் முழுக்க ஒரு விண்ணப்பமும் வாசிக்கக் கூடாது என்று வரவேற்பு மேசைக்கும் தொலைபேசிக்கும் மாற்றினார்கள். வேலை போகவில்லை. போயிருந்தால் சரியாக இருந்திருக்குமோ என்று அப்போது பல முறை நினைத்தேன்.

கோல்டிங்குக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்கட்டுமா என்று தலைவியிடம் கேட்டேன். "உங்கள் மனசை ஆற்றுவதற்கு அந்த வீட்டுக்குப் போகாதீர்கள்" என்றார். ஆனாலும் ஒரு சனிக்கிழமை காலை கோப்பன்ஹேகன் பெரிய ரயில் நிலையத்துக்குப் போய்விட்டேன். கோல்டிங் போகும் வண்டி வந்தது. கதவுகள் திறந்தன, ஆட்கள் ஏறினார்கள், கதவுகள் மூடின. நான் மேடையில் நின்றேன். அந்த வீட்டு வாசலில் நின்று நான் என்ன கேட்டாலும் அவர்கள்தான் எனக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு ஆறுதல் சொல்லும் வேலையையும் அவர்கள் தலையில் கட்ட வேண்டுமா? வீட்டுக்குத் திரும்பினேன். ஜெசிந்தாவை மட்டும் கூப்பிட்டு, அவள் செய்ததற்கு முழுக் காரணமும் நான்தான், இனி அந்தக் குடும்பத்திடம் இதைப் பற்றி வாயே திறக்காதே என்று கெஞ்சினேன். அவள் அழுதாள். நல்லது செய்வதாக நினைத்தாளாம்.

மே மாதம் ஒரு நாள் வரவேற்பு மேசைத் தொலைபேசியில் ஒரு பெண் குரல் தமிழில் கேட்டது.

"நான் கோல்டிங்கில இருந்து கதைக்கிறன். மீராவின்ர அம்மா."

நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். மன்னியுங்கோ என்று தொடங்கினேன். அவர் அதைக் கேட்க வரவில்லை.

"பிள்ளை எழுதினது உங்கட கையில இருக்குத்தானே? எனக்கு டெனிஷ் அவ்வளவு வாசிக்கத் தெரியாது. மகளிட்டக் கேக்க எனக்கு வாய் வருகுதில்லை. நீங்கள் ஒருக்கா வாசிச்சுத் தமிழில சொல்லுங்கோ."

நான் பதில் சொல்லுமுன் அவரே தொடர்ந்தார். யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாள் வைத்திருந்த பேச்சு அது.

"வைத்தியற்ற முகத்தைப் பாத்த உடன எனக்குத் தெரிஞ்சிட்டுது. சுமந்தவளுக்குத் தெரியாதே? பிள்ளை திரும்பி 'தம்பி நித்திரையாம்' எண்டாள். வாய் நடுங்குது, கை நடுங்குது. நான் அழுதா அவள் அதிலயே விழுந்திடுவாள். அதுதான் சிரிச்சனான். அவளுக்காகத்தான் சிரிச்சனான். அதை அவள் எப்பிடி எழுதியிருக்கிறாள்? அம்மாவுக்கு ஒண்டும் விளங்கேல்லை எண்டு எழுதியிருக்கிறாளோ? இல்லாட்டி அம்மா கல்லு மாதிரி சிரிச்சவ எண்டோ?"

யோசித்துப் பாருங்கள். மகள் எழுதியதில் ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். அம்மாவைக் கால் மணி நேரம் ஏமாற்றினேன் என்று அந்தப் பிள்ளை இத்தனை வருடம் சுமந்துகொண்டிருப்பது எனக்குத் தெரியும். அம்மா ஏமாறவே இல்லை என்பதும் இப்போது எனக்குத் தெரியும். அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் தெரியாதது எனக்குத் தெரிந்திருந்தது. ஒரே ஒரு வசனம் போதும். சொன்னால் அந்தத் தாயின் நெஞ்சு அப்போதே ஆறும். அந்த வசனம் என் தொண்டை வரை வந்துவிட்டது.

வேலையில் என் வாழ்நாளிலேயே ஆகக் கடினமான நிமிடம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். இரகசியத்தைக் கெட்டதற்காக உடைக்க யாரும் நினைப்பதில்லை. ஏதோ ஒரு நல்ல காரணம் கையில் இருக்கும். சைக்கிள் நிறுத்துமிடத்திலும் என்னிடம் ஒரு நல்ல காரணம் இருந்தது.

"என்னால ஏலாதம்மா" என்றேன். "அது மகள் எழுதினது. அவதான் தரவேணும்."

"நீங்கள் வாசிக்கலாம், ஜெசிந்தாவோட கதைக்கலாம். பெத்த எனக்கு மட்டும் சொல்ல ஏலாதோ?"

"அப்ப நான் செய்தது பிழை. திரும்பவும் அதே பிழையைச் செய்யச் சொல்லாதேங்கோ. நீங்கள் இப்ப எனக்குச் சொன்னதை அப்பிடியே மகளுக்குச் சொல்லுங்கோ. இண்டைக்கே சொல்லுங்கோ அம்மா. நாளைக்கு எண்டு விடாதேங்கோ."

தொலைபேசி வைக்கப்பட்டது. கோபத்தோடுதான் வைத்தார்; சத்தத்தில் தெரிந்தது. வரவேற்பு மேசைக்கு முன்னால் ஒரு மாணவன் ஏதோ படிவத்தோடு காத்திருந்தான். மூன்று முறை கேட்ட பிறகுதான் அவன் என்ன கேட்கிறான் என்று எனக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஜூலை முடிவில் முடிவுகள் வெளியானபோது பட்டியல் இருந்த அறைப் பக்கமே போகவில்லை. மாடிப்படியில் எதிரே வந்த தலைவி ஒரு கணம் நின்றார். ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். "நல்ல வெயில்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரும் தன் கடமையைக் காத்தார்.

ஆகஸ்ட் முடிவில் புதிய மாணவர்கள் அடையாள அட்டை வாங்க வரிசையில் நின்றார்கள். மெலிந்த, உயரமான பெண் ஒருத்தி என் முன்னால் வந்து, என் சட்டையில் இருந்த பெயரை வாசித்தாள். அவள் வாயைத் திறக்குமுன்பே அது மீரா என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா ஒண்டு சொல்லச் சொன்னவ" என்றாள். "நீங்கள் அவவுக்கு வாசிச்சுக் காட்டேல்லையாம். அதுக்கு நன்றி சொல்லட்டாம். சொல்லிப்போட்டன்."

"நீங்கள் வாசிச்சுக் காட்டினீங்களோ?"

"ஓம். சமையலறையில இருந்து. விடிய விடிய அழுதனாங்கள்." பிறகு டெனிஷுக்கு மாறினாள். அதில்தான் அவளுக்குக் கோபம் நன்றாக வரும். "ஆனால் நீங்கள் செய்ததால் எல்லாம் நல்லதாக முடிந்தது என்று மட்டும் நினைக்க வேண்டாம். அதை எப்போது சொல்வது என்று நான்தான் தீர்மானித்திருக்க வேண்டும்."

"அப்படி நினைக்கவில்லை" என்றேன்.

"நீங்கள் எத்தனை போட்டீர்கள்?"

அந்தப் புள்ளி செல்லாததாகிவிட்டது. சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. ஆனால் அவளுக்குக் கேட்க உரிமை இருந்தது.

"இரண்டு."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் நகர்ந்து எட்டிப் பார்த்தார்கள். "இரண்டு" என்று அவள் தமிழில் தனக்குள் சொன்னாள். அட்டையை வாங்கிக்கொண்டு, வகுப்பு எந்த மாடியில் என்று கேட்டாள். மூன்றாவது என்றேன். படியில் ஓடினாள்.

அடுத்த வருடம் என்னைத் திரும்ப வாசிப்புக்கு எடுத்தார்கள். ஓய்வு பெறும்வரை வாசித்தேன். எத்தனையோ கட்டுரைகளில் ஏமாந்திருப்பேன், சந்தேகமில்லை. பொய்யை எழுதி உள்ளே வந்த யாரோ ஒரு ஆள் பிறகு நல்ல தாதியாகவும் வந்திருக்கலாம். நீங்களும் ஏமாறுவீர்கள். இப்போது பல இடங்களில் கட்டுரையை விட்டுவிட்டுப் பரீட்சையும் நேர்முகமும் வைக்கிறார்கள், நல்லதா கெட்டதா என்று கேட்டால் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளை வீட்டில் பெற்றவர்களுக்குக்கூடச் சொல்லாததை முகம் தெரியாத இரண்டு பேருக்கு எழுதி அனுப்புகிறது. நாங்கள் கேட்டதால்தான் எழுதுகிறது. வாசிக்கும்போது உங்களுக்குக் கை பரபரத்தால், யாரையாவது கேட்டு உறுதிசெய்ய வேண்டும் போலிருந்தால், எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். கைத்தொலைபேசியை மேசையில் விட்டுவிட்டுப் போங்கள்.

நீங்கள் என் வீட்டுக்கு வந்துபோன மறுநாள் மீராவுக்கு எழுதினேன். அவள் இப்போது பிரசவ விடுதியில் வேலை செய்கிறாள். எங்களுக்குள் நட்பு என்று ஒன்று இல்லை. உன் கதையை வேலைக்குப் புதியவர்களுக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். நாலு நாள் பதில் வரவில்லை. அந்த நாலு நாளும் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். ஐந்தாம் நாள் பதில் வந்தது. பெயரை மாற்றுங்கள், மற்ற ஒன்றையும் மாற்றாதீர்கள், டெனிஷில் எழுத வேண்டாம், தமிழில் எழுதுங்கள், ஏனென்றால் முதலில் அம்மா வாசிக்க வேண்டும்.

அப்படியே எழுதி அனுப்பினேன். போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அம்மா கூப்பிட்டார். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை என்று சொன்னார், திருத்திக்கொண்டேன்.

"தம்பி, பிள்ளை எண்டெல்லாம் எழுதியிருக்கிறீங்கள்" என்றார். "அவனுக்கு நாங்கள் பேர் வைச்சனாங்கள். உங்களுக்குச் சொல்லவேணும் போல கிடக்கு."

சொன்னார். நானும் ஒருமுறை அந்தப் பெயரை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். அது அழகான பெயர். அதை இங்கே எழுதவில்லை.